சிவப்பில் வந்த சி.கே., யாரும் கவனிக்காத ஃபெரிட்டின்

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் தென்மாவட்டம் ஒன்றில் தடகளப் பயிற்சியாளர். 800 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை ஓடுகிற 12 பேர் என்னிடம் இருக்கிறார்கள். எங்கள் ஊர் லேப் ஒன்றிலிருந்து வந்து, ‘ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ்’ இருக்கிறது, 15 நாளுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தால் யாருக்கு லோடு (பயிற்சிச் சுமை) கூடிப்போச்சு, யாருக்கு இன்னும் ஏற்றலாம் என்று சொல்லிவிடலாம் என்றார்கள். முதல் தடவை, சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் கிரவுண்டிலேயே எடுத்தோம். 19 வயதுப் பையன் ஒருவனுக்கு சி.கே. 860, எஸ்.ஜி.ஓ.டி. 68, கிரியேட்டினின் 1.4 என்று வரிசையாகச் சிவப்பில் வந்தது. அவன் அப்பா பயந்துபோய், கல்லீரலும் கிட்னியும் கெட்டுவிட்டது என்று ஓட்டத்தையே நிறுத்திவிட்டார். (இரண்டு நாள் முன்புதான் முதல் தடவையாக மலைப்பாதை இறக்கத்தில் ஓடவிட்டிருந்தேன். ஜிம் நண்பர்கள் சொல்லி கிரியேட்டின் பவுடரும் சாப்பிடுகிறானாம்.) 23 வயதுப் பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் 270, குறைவு. எடை குறைய வேண்டும் என்று அவன் ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறான். 17 வயதுப் பெண் ஒருத்திக்கு எதுவுமே சிவப்பில் இல்லை. ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 13. ஆனால் மூன்று மாதமாக டைமிங் இறங்காமல் தவிப்பது அவள்தான். 12 பேர் ரிப்போர்ட்டையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். சி.கே. எவ்வளவு வந்தால் ரெஸ்ட் கொடுக்க வேண்டும்? யூரியாவை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? இந்த டெஸ்டுகளைத் தொடரலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று ரிப்போர்ட்டையும் பார்த்தேன். உங்களுக்கு அவசரம் அந்தப் பையனைப் பற்றி. எனக்கு அவசரம் அந்தப் பெண்ணைப் பற்றி. ஆனாலும் வீட்டில் ஒரு அப்பா பயந்துகொண்டிருப்பதால் பையனிடமிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லலாம். மூன்று பேரையும் உங்கள் ஊர் மருத்துவர் ஒருவர் நேரில் பார்க்கட்டும்.

சி.கே. என்கிற கிரியேட்டின் கைனேஸ் தசைக்குள் இருக்கும் நொதி. தசை நார்களின் சவ்வில் சின்னச் சின்னச் சேதம் வந்தால் அது ரத்தத்தில் கசியும். தசை நீண்டுகொண்டே வேலை செய்யும்போது இந்தச் சேதம் அதிகம்: இறக்கத்தில் ஓடுவது, உயரத்திலிருந்து குதிப்பது, எடையை மெதுவாகக் கீழே இறக்குவது. அன்றைக்கே உச்சத்துக்குப் போய்விடாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் வரும், பழக்கமில்லாத பயிற்சி என்றால் இன்னும் தள்ளிக்கூட வரும். உங்கள் பையன் இறக்கத்தில் ஓடி இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்திருக்கிறான். ஏறக்குறைய உச்சத்தில் பிடித்திருக்கிறீர்கள்.

அடுத்தது, அந்தச் சிவப்பு எழுத்து யாரை வைத்துப் போடப்பட்டது என்று பாருங்கள். லேப் தாளில் உள்ள 200 சொச்சம் என்ற மேல் எல்லை, பயிற்சி எதுவும் செய்யாத பொதுமக்களுக்கானது. கிரேக்க நாட்டில் விளையாட்டு வீரர்களையே வைத்து எல்லை வகுத்து 2007இல் வெளியிட்டார்கள். அதில் மேல் எல்லை ஆண்களுக்கு 1,083, பெண்களுக்கு 513. அந்தக் கணக்கில் உங்கள் பையனின் 860 ஒரு சாதாரண விளையாட்டு வீரனின் சி.கே.

எஸ்.ஜி.ஓ.டி.யைக் கல்லீரல் டெஸ்ட் என்றே எல்லோரும் நினைக்கிறோம். அது தசையிலும் நிறைய இருக்கிறது, அதன் ஜோடி டெஸ்டான எஸ்.ஜி.பி.டி.யும் கொஞ்சம் இருக்கிறது. எடைப் பயிற்சிக்குப் பழக்கமில்லாத ஆரோக்கியமான ஆண்களை ஒரு மணி நேரம் எடை தூக்கவைத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், இந்த இரண்டும் ஒரு வாரம் வரை உயர்ந்தே இருந்தன. கல்லீரலுக்கென்று பார்க்கும் மற்ற அளவுகளான பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் அசையவில்லை. உங்கள் பையனின் தாளிலும் அந்த இரண்டும் சரியாக இருக்கின்றன. அதனால் எஸ்.ஜி.ஓ.டி. உயர்வு தசையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் இதே காரணத்தால் தேவையில்லாமல் கல்லீரல் ஸ்கேன் வரை போய் வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

சிறுநீரகத்துக்கென்று பார்க்கும் கிரியேட்டினினும் அப்படித்தான். அவன் சாப்பிடும் கிரியேட்டின் பவுடர் உடம்பில் கிரியேட்டினினாகத்தான் மாறி வெளியேறுகிறது. பவுடர் சாப்பிடுகிறவனுக்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தாலும் இந்த எண் கூடித் தெரியும். பயிற்சி முடிந்த கையோடு, வியர்த்து நீர் வற்றியிருக்கும்போது எடுத்தது வேறு. ஆனால் இதை அப்படியே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். பவுடரை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து, இரண்டு மூன்று நாள் கடும் பயிற்சி இல்லாமல், நன்றாகத் தண்ணீர் குடித்துக் காலையில் ஒருமுறை எடுங்கள். கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யுங்கள். சந்தேகம் தீராவிட்டால் சிஸ்டாட்டின் சி என்ற டெஸ்ட் உண்டு. அது தசை அளவையோ பவுடரையோ பார்த்து ஏமாறாது. அப்போதும் உயர்ந்தே இருந்தால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட நேரடிக் கேள்வி: சி.கே. எவ்வளவு வந்தால் ரெஸ்ட்? எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு எண் கிடையாது. ஒரே பயிற்சியைச் செய்த இருவரில் ஒருவருக்கு 250 வரும், இன்னொருவருக்கு 1,500 வரும். இரண்டாமவர் பிறவியிலேயே அப்படி. அவர் களைத்திருக்கிறார் என்று அர்த்தமில்லை.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. சி.கே. லோடை அளப்பதில்லை. பழக்கமில்லாத வேலையைத்தான் அதிகம் காட்டும். அதே பையனை மூன்று வாரம் கழித்து அதே இறக்கத்தில் அதே தூரம் ஓடவிட்டுப் பாருங்கள். முன்னைவிட வெகுவாகக் குறைந்த அளவுதான் வரும், ஏனென்றால் தசை ஒரே தடவையில் பாடம் கற்றுக்கொள்கிறது. லோடு என்னவோ அதேதான். நீச்சல்காரரையும் சைக்கிள் வீரரையும் எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகப் புரியும். வாரம் முழுக்க உயிரை விட்டு உழைத்திருப்பார்கள், தரையில் மோதுவது இல்லாததால் சி.கே. பெரிதாக ஏறியிருக்காது. கபடி ஆடுகிறவருக்கு நாலு முறை விழுந்து அடிபட்டாலே ஏறிவிடும். இதை வைத்து லோடு கூட்டுவதும் குறைப்பதும் எப்படி?

சி.கே.யை உடனே கவனிக்க வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு 15 நாள் பேக்கேஜ் தேவையில்லை, கண் போதும். கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, தொடக்கூட முடியாத வலியும் பலவீனமும் வந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. சி.கே. பல ஆயிரங்களில் இருக்கும். வெயிலில், தண்ணீர் போதாமல், பழக்கமில்லாதவர்கள் ஒரே நாளில் மிதமிஞ்சிச் செய்யும்போது வருவது. போலீஸ் தேர்வுக்கென்று கடைசி நேரத்தில் ஓட ஆரம்பிக்கும் பையன்கள் உங்கள் கிரவுண்டுக்கும் வருவார்கள் அல்லவா, அவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். வலிக்கிறது என்று நீர் வற்றிய உடம்போடு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கு அது இரட்டை அடி.

இப்போது அந்தப் பெண். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 13. லேப் தாளில் கீழ் எல்லை 10 என்று போட்டிருப்பதால் கறுப்பு எழுத்தில் வந்துவிட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளையாட்டு மருத்துவத்தில் 30 அல்லது 35க்குக் கீழே போனாலே இரும்பு இருப்பு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். 20க்குக் கீழே என்றால் நன்றாகவே வற்றிவிட்டது. ஹீமோகுளோபின் அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் சோறு என்றால், ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல். இவள் வீட்டில் இன்றைக்குச் சமையல் நடக்கிறது, குதிர் துடைத்துக் கிடக்கிறது. ஹீமோகுளோபின் 12.1 என்பதும் ரத்தசோகைக் கோட்டுக்கு ஒரு நூலிழை மேலேதான். அதுவும் பயிற்சி முடிந்தவுடன் எடுத்த ரத்தம். வியர்வையில் பிளாஸ்மா என்கிற ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கியிருக்கும்போது ஹீமோகுளோபின் கொஞ்சம் கூட்டியே காட்டும். கடும் ஓட்டத்துக்குப் பிறகும், சளி காய்ச்சலின்போதும் ஃபெரிட்டினும் தற்காலிகமாக ஏறும். ஆக, அவளுடைய உண்மை நிலை இந்தத் தாளில் இருப்பதைவிட மோசமாக இருக்கத்தான் வாய்ப்பு.

ஹீமோகுளோபின் விழாவிட்டாலும் இருப்பு வற்றினாலே நீண்டநேரம் உழைக்கும் திறன் அடிபடும். தசைக்குள் ஆற்றல் தயாரிக்கும் நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். மூன்று மாதமாக டைமிங் இறங்காததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்கு மேல் ஓட்டக்காரிக்கென்று தனி இழப்புகள் உண்டு: தரையில் பாதம் மோதும்போது உடைகிற சிவப்பணுக்கள், வியர்வை, குடலில் நுண்ணிய கசிவு. இவற்றோடு மாதவிடாய்.

இரும்பு மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஏன் வற்றியது என்று தெரிய வேண்டும். மாதவிடாயில் போக்கு அதிகமா, வெறுங்காலில் நடந்து கொக்கிப்புழு தொற்றியிருக்கிறதா, சாப்பாடே போதவில்லையா என்று மருத்துவர் கேட்பார். ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுவார். மாத்திரை தொடங்கினால் தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது நல்லது. இரும்பு குறைந்த பெண்களிடம் அப்படிக் கொடுத்தால் உடம்பு அதிகம் உறிஞ்சுகிறது என்று சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். நேரமும் முக்கியம். ஹெப்சிடின் என்ற ஹார்மோன் பயிற்சி முடிந்து மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் உயர்ந்து, குடலில் இரும்பு நுழையும் வழியை அடைத்துவிடும். அதனால் காலைப் பயிற்சிக்கு முன்போ, முடிந்த அரை மணிக்குள்ளோ, எலுமிச்சை ஜூஸோடு போடலாம். டீயும் காபியும் ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் 13ஐ அதை மட்டும் வைத்து ஏற்ற முடியாது. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் காசுதான் வீண்.

எங்காவது கிளினிக்கில் ‘டிரிப்ஸில் இரும்பு ஏற்றினால் ஒரே வாரத்தில் சரி’ என்று சொன்னால் எச்சரிக்கை. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் அது ஊக்கமருந்து விதிமீறல், உள்ளே போவது வெறும் உப்புநீராக இருந்தாலும் சரி. ஆஸ்பத்திரிச் சிகிச்சையின் பகுதியாகவோ முன் அனுமதியோடோ இருந்தால்தான் விலக்கு. மாநில, தேசியப் போட்டிக்குப் போகிறவள் என்றால் இது அவளுக்கும் அவள் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு பெண் ஆசிரியரோ, அவள் அம்மாவோ கேட்கட்டும். மூன்று மாதமாக நின்றுபோயிருந்தால் ‘கடும் பயிற்சியில் அப்படித்தான் இருக்கும்’ என்று விடக்கூடாது. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லை என்பதற்கு அது மிகத் தெளிவான அடையாளம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்குத் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது, 2023இல் அதைப் புதுப்பித்தது. எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு, மனநிலை என்று எல்லாவற்றையும் தொடும் பிரச்சினை இது. ஆண்களுக்கும் வரும்.

அதனால்தான் உங்கள் 23 வயதுப் பையனைப் பற்றி எனக்குச் சந்தேகம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். மாலையில், பயிற்சிக்குப் பிறகு எடுத்த 270ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலையில் வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாளில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் டெஸ்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ராத்திரிச் சாப்பாடு. 10,000 மீட்டர் ஓடுகிறவன் ராத்திரி பட்டினி கிடந்தால் உடம்பு முதலில் சிக்கனம் பிடிக்கும் இடங்களில் ஒன்று இந்த ஹார்மோன். அவனுக்கு நாலு இட்லியும் இரண்டு முட்டையும் கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

டெஸ்டோஸ்டிரோனுக்கும் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனுக்கும் உள்ள விகிதத்தை வைத்து ஓவர்டிரெயினிங்கை, அதாவது உடம்பு மீள முடியாத அளவுக்குப் பயிற்சி மிஞ்சிப்போவதைக் கண்டுபிடிக்கலாம் என்று உங்கள் லேப் பிரசுரத்தில் போட்டிருக்கிறது. அந்த எண்ணம் 1986இல் பின்லாந்திலிருந்து வந்தது. ஒருவருடைய சொந்த அளவிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் மீட்சி போதவில்லை என்று அவர்கள் முன்வைத்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில், அந்த நேரத்தில் உடம்பு படும் சிரமத்தை அது காட்டலாம், ஓவர்டிரெயினிங் என்று முத்திரை குத்த உதவாது என்று தெரிந்தது. கார்டிசோல் ஊசியைப் பார்த்துப் பயந்தாலே ஏறுகிற சாமான். ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட அறிக்கை, ஓவர்டிரெயினிங்கை உறுதிசெய்ய எந்தத் தனி ரத்தப் பரிசோதனையும் இல்லை என்று சொல்லிவிட்டது. உங்கள் லேப்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

யூரியாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீண்டதூரக்காரர்களுக்கு இது ஓரளவு பயனுள்ளதுதான். தசையில் மாவுச்சத்து தீர்ந்துபோய் உடம்பு புரதத்தை எரிக்க ஆரம்பித்தால் காலை யூரியா நாளுக்கு நாள் ஏறும். ஆனால் முந்தைய நாள் பிரியாணி சாப்பிட்டாலும், புரோட்டீன் பவுடர் குடித்தாலும், தண்ணீர் குறைந்தாலும் ஏறும். இன்னொன்று, சில லேப்கள் யூரியா என்று போடும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு பி.யூ.என். என்று போடும். இரண்டும் ஒரே எண் இல்லை. பி.யூ.என்.ஐ 2.14ஆல் பெருக்கினால்தான் யூரியா. லேப் மாற்றியதும் யூரியா பாதியாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள்.

சரி, ரத்தம் ஒன்றுக்குமே உதவாதா என்றால், உதவும். தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டைப் பாருங்கள். நார்வே ஓட்டக்காரர்கள், 1,500 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் உட்பட, விட்டு விட்டு வேகமாக ஓடும் இன்டர்வெல் பயிற்சிக்கு நடுவில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் பார்க்கிறார்கள். அன்றைய பயிற்சி மிதமாக இருக்க வேண்டும் என்றால் எண் ஏறிய உடனே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். உற்சாகத்தில் பையன்கள் ஒருவரை ஒருவர் துரத்தி மிதமான பயிற்சியைப் போட்டியாக்கிவிடுவதைத் தடுக்க அது நல்ல கருவி. அந்த நிமிடத்து லோடை ரத்தம் சொல்கிற இடம் அது ஒன்றுதான் என்பேன். ஆனால் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடும், நாளைய களைப்பை அது சொல்லாது. ஒரு பொறியும் இருக்கிறது. சாப்பாடு போதாமல் மாவுச்சத்து தீர்ந்த உடம்பிலும் அதே வேகத்துக்கு லாக்டேட் குறைவாக வரும். பார்க்கிறவருக்கு ஃபிட்னஸ் கூடியதுபோலத் தோன்றும்.

சி.கே.யையும் யூரியாவையும்கூட ஒழுங்காகப் பயன்படுத்த வழி உண்டு. ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2009இல் கொண்டுவந்த உயிரியல் பாஸ்போர்ட் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. ஒரு வீரரின் முந்தைய ரத்த அளவுகளை வைத்து அவருக்கென்று ஒரு வரம்பு போடுகிறார்கள், புதிய அளவு வரவர வரம்பும் குறுகிக்கொண்டே போகும். ஜெர்மனியில் சார்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே முறையைக் களைப்பைக் கண்காணிக்கவும் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு ஆசையாக இருந்தால் மேல்மட்டப் போட்டிக்குப் போகும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் செய்யுங்கள். நன்றாக ஓய்வெடுத்த இரண்டு நாளுக்குப் பிறகு ஒரு காலை, கடும் வாரத்தின் முடிவில் ஒரு காலை என்று சீசன் முழுக்க நாலைந்து ஜோடி சேர்ந்தால் அவனுடைய தரைமட்டம் எது, உச்சம் எது என்று தெரியும். அதற்குப் பிறகு வருகிற எண்ணுக்குத்தான் அர்த்தம்.

எப்படி எடுப்பது என்பதில் கறாராக இருங்கள். காலை, வெறும் வயிறு, அதே நேரம், அதே லேப். கடும் வாரத்தின் முடிவில் எடுப்பதைத் தவிர மற்றபடி முந்தைய நாள் கடும் பயிற்சி கூடாது. வந்து பத்து நிமிடமாவது உட்கார்ந்த பிறகு ஊசி போடச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருந்தவருக்கும் படுத்திருந்தவருக்கும் பிளாஸ்மா அளவு மாறுவதால் எல்லா எண்ணும் சற்று மாறும். அப்புறம், வெயில் காலத்தில் ஒரு வாரம் நல்ல பயிற்சி செய்தாலே பிளாஸ்மா பெருகி ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கித் தெரியும். அது நல்ல மாற்றம், ரத்தசோகை இல்லை.

பேக்கேஜைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். லேப் வரம்பு என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி போடப்படுவது. அப்படியென்றால் ஒரு டெஸ்டில் நூற்றுக்கு ஐந்து ஆரோக்கியசாலிகளுக்குச் சிவப்பு விழும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்குக்கூட ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு. உங்கள் பேக்கேஜில் 60க்கு மேல் இருக்கிறது. 12 பேர், 15 நாளுக்கு ஒருமுறை. வருஷம் முழுக்க யாராவது ஒரு அப்பா பயந்துகொண்டே இருப்பார்.

லோடைத் தெரிந்துகொள்ள 40 பக்க நோட்டு போதும். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல் என்று கேளுங்கள். அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிடம், கஷ்டம் 7 என்றால் 420. மெதுவோட்டம் 40 நிமிடம், கஷ்டம் 3 என்றால் 120. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் கொண்டுவந்த முறை, உலகம் முழுக்கப் புழங்குகிறது. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறுகிறதா என்று பாருங்கள். தனியாகக் கேளுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டத்தில் கேட்டால் எல்லாப் பையனும் ‘ஈஸி சார்’ என்பான். நீங்கள் 4 என்று நினைத்துக் கொடுத்த ஒர்க்கவுட்டுக்கு அவன் 8 சொல்கிறான் என்றால், சி.கே. சொல்வதைவிட அதிகச் செய்தி அதில் இருக்கிறது.

காலையில் தூக்கம், கால்வலி, மனநிலை, பசி இந்த நாலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். கேட்டால் குழந்தைத்தனமாகத் தெரியும். ஆனால் 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் ஆஸ்திரேலியர்கள் வெளியிட்ட மதிப்பாய்வில், பயிற்சிச் சுமை ஏறி இறங்குவதை ரத்தம், இதயத் துடிப்பு போன்ற அளவீடுகளைவிட இந்தச் சொந்த மதிப்பீடுகள்தான் துல்லியமாகவும் சீராகவும் பிரதிபலித்தன. பிள்ளைகள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கால்வலி என்று எழுதியவனை அணியிலிருந்து எடுத்தீர்கள் என்றால் மறுநாள் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள்.

ரத்தம் எடுக்க நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சீசன் தொடங்கும் முன்பும் நடுவிலும் முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், கூடவே சி.ஆர்.பி. பெண்களுக்கும் ஏற்கெனவே குறைந்திருந்தவர்களுக்கும் இன்னொரு தடவை. வருஷத்துக்கு ஒருமுறை வைட்டமின் டி. மற்றதெல்லாம் ஒரு கேள்வி எழும்போது மருத்துவர் எழுதிக் கொடுத்து எடுப்பது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். ரிப்போர்ட்டை அந்தந்தப் பிள்ளையிடமும் வீட்டிலும் மட்டும் கொடுங்கள். 12 பேர் ரிப்போர்ட்டையும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். அந்த 23 வயதுப் பையனின் ஹார்மோன் அளவு மற்ற 11 பேருக்கும் எதற்கு?

அந்தப் பெண்ணை இந்த வாரமே மருத்துவரிடம் அனுப்புங்கள். அதுவரை இன்டர்வெலைக் குறைத்து மெதுவோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். 19 வயதுப் பையனின் அப்பாவிடம் பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் சரியாக இருக்கும் வரிகளைக் காட்டுங்கள். சிறுநீர் தெளிவாகப் போகிறது, வலி தணிந்துவிட்டது என்றால் மெதுவோட்டத்தை அவன் இப்போதே தொடங்கலாம். கிரியேட்டினினை மறுபடி பார்த்த பிறகு வேகப் பயிற்சி. லேப்காரர் அடுத்த 15ஆம் நாள் வந்தால் ஃபெரிட்டினுக்கும் சி.ஆர்.பி.க்கும் தனியாக என்ன விலை, காலை ஆறரைக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.